முகாமுக்கு முட்டைப் பொடி: வாங்கலாம்... வீட்டில் செய்யக் கூடாது!

கீழப்பழுவூர் பக்கம் ஏழு நாள் என்.எஸ்.எஸ். முகாம், அரியலூர் சுண்ணாம்புப் பாறைகளில் புதைபடிவம் தேடும் பயணம்... எதற்குக் கிளம்பினாலும் சமையல் பொறுப்பாளருக்கு ஒரு கவலை உண்டு. 30 முட்டை அடுக்கிய அட்டை உடையாமல் போய்ச் சேருமா, வெயிலைத் தாங்குமா? இதற்குக் கைகொடுப்பது முட்டைப் பொடி.

முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அதை நீக்கினால் எடை குறையும், எளிதில் கெடாது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் ரேஷனில் கொடுத்த ஒரு டின் பொடி, 12 முட்டைக்குச் சமம். இன்று நம் ஈரோட்டிலிருந்தே எஸ்.கே.எம். நிறுவனம் முட்டைப் பொடியை ஏற்றுமதி செய்கிறது.

வீட்டிலேயே காயவைத்தால் என்ன?

வேண்டாம். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். வெயிலின் மிதமான சூடு அதைக் கொல்லாது, பெருகத்தான் விடும். ஆலையிலோ முட்டைக் கலவையை பாஸ்ச்சுரைஸ் செய்து, சூடான காற்றில் நுண்துளிகளாகத் தெளித்து நொடிகளில் உலர்த்துகிறார்கள்.

எப்படிப் பயன்படுத்துவது?

* 'முழு முட்டைப் பொடி'யா என்பதையும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், காலாவதி தேதியையும் பார்த்து வாங்குங்கள்.

* ஒரு முட்டைக்குச் சுமார் 12 கிராம் பொடி, 36 மில்லி சுத்தமான தண்ணீர். முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்தால் கட்டி தட்டாது.

* கலக்கியதும் உடனே சமைத்துவிடுங்கள். ஆம்லெட், பொடிமாஸ் இரண்டுக்கும் ஏற்றது. முழுதாக வேக வேண்டும்.

* பிரித்த பாக்கெட்டை ஈரம் படாமல், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

பொடி கிடைக்கவில்லையா? அன்றன்றைக்குத் தேவையான முட்டையை ஊர்க் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.