தறியில் சேர்த்த காசு... நிதியில் போனால் திரும்புமா?

ஆரணியில் ஒரு பட்டுச் சேலையை நெய்து முடித்துக் கூலி கைக்கு வந்தால், அதில் கொஞ்சம் சீட்டுக்கு, கொஞ்சம் ‘நிதி’க்கு என்று ஒதுக்கும் வீடுகள் உண்டு. அந்தச் சேமிப்பைக் குறிவைத்துத்தான் மோசடிக்காரர்களும் வருகிறார்கள்.

சென்னை அமைந்தகரையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்துக்கு ஆரணியிலும் கிளை இருந்தது. மாதம் 25 முதல் 30 சதவிகிதம் வட்டி தருவதாகச் சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாக 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸார் நடவடிக்கை எடுத்தனர்.

பழைய நிறுவனம் என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. உறுப்பினர்களின் பணத்தை உறுப்பினர்களுக்கே கடனாகத் தரும் பரஸ்பர சகாய நிதியாக 1872-ல் தொடங்கியது மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட். டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை என்ற புகாரில், அதன் நிர்வாக இயக்குநர் தேவநாதன் யாதவ் 2024 ஆகஸ்டில் கைதானார்.

என்ன தண்டனை?

* டெபாசிட்டைத் திருப்பித் தராத நிர்வாகிகளுக்கு, தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டப்படி (1997) 10 ஆண்டுகள் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

* அனுமதியில்லாத டெபாசிட் திட்டம் நடத்தி ஏமாற்றினால், 2019-ம் ஆண்டின் மத்திய சட்டப்படி 3 முதல் 10 ஆண்டுகள் சிறை. அபராதம், வசூலித்த தொகையைப்போல இரண்டு மடங்கு வரை போகலாம்.

* பொய் என்று தெரிந்தே ஆசைகாட்டிப் பணம் போடவைத்தவருக்கும் 1 முதல் 5 ஆண்டுகள் சிறை உண்டு. அவர் பக்கத்துத் தறிக்காரராக இருந்தாலும் சரி, சொந்தக்காரராக இருந்தாலும் சரி.

* அரசின் முன் அனுமதி இல்லாமல் சீட்டு நடத்தினால் 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது அபராதம்; இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம்.

பணம் எப்படி வரும்?

ஏமாற்றியவர் சிறைக்குப் போவதால் மட்டும் போட்ட காசு திரும்பிவிடாது. 1997 சட்டப்படி அரசு அவர்களின் சொத்துகளை முடக்கும். சிறப்பு நீதிமன்றம் அதை உறுதிசெய்த பிறகு, அந்தச் சொத்திலிருந்து வரும் பணம் முதலீட்டாளர்களுக்குப் பங்கிடப்படும். இதற்கு வருடக்கணக்கில் ஆகலாம்.

பணம் போட்டதே வீட்டுக்குத் தெரியாது, வாங்கியவர் உறவுக்காரர் என்று பலர் புகார் கொடுக்கத் தயங்குகிறார்கள். நஷ்டம் அவர்களுக்குத்தான். அசல் ரசீது, பத்திரம், வங்கிக் கணக்கு விவரம், ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போக வேண்டும். ‘பணம் தருகிறேன், பத்திரத்தைக் கொடு’ என்று யார் கேட்டாலும், பணம் கைக்கு வராமல் அசலைக் கொடுக்கக் கூடாது.

போடும் முன்பே ஒன்றைக் கவனியுங்கள். முறையான நிதி நிறுவனம் சீட்டு நடத்தக் கூடாது, டெபாசிட் பிடித்துத் தர ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுக்கக் கூடாது, வருடத்துக்கு 12.5 சதவிகிதத்துக்கு மேல் வட்டி தரவும் கூடாது. மாதத்துக்கே 30 சதவிகிதம் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் ரசீதுகூடக் கேட்க வேண்டாம். வாசலோடு அனுப்பிவிடுங்கள்.