வெள்ளோட்டம்: கம்பம் பள்ளத்தாக்கின் வண்டி மாடுகள் பந்தயத்துக்குத் தயாராகும் விதம்

இரண்டு மாடு, ஒரு நுகத்தடி, எடை குறைந்த இரு சக்கர வண்டி, ஒரு சாரதி, ஒரு துணைச் சாரதி. இரட்டை மாட்டு வண்டிப் பந்தயத்தில் ஓர் அணி என்பது இவ்வளவுதான். தேனி மாவட்டத்தில் கோயில் திருவிழா, பொங்கல், தலைவர்களின் பிறந்த நாள் என்று ஏதாவது ஒரு காரணம் பற்றி இந்தப் பந்தயம் நடக்கும். ஊர் எல்லையில் கிளம்பும் வண்டிகள் குறித்த இடம் வரை சாலையில் ஓடி, அங்கே திரும்பி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். அந்தக் குறித்த இடத்தை முதலில் தொட்டுத் திரும்பும் வண்டியின் சாரதிக்குத் தனியாகக் கொடிப் பரிசு கொடுக்கும் ஊர்களும் உண்டு.

கொங்கு நாட்டு ரேக்ளா இதிலிருந்து வேறுபட்டது. அங்கே 200 மீட்டர், 300 மீட்டர் தடத்தில் வண்டிகள் ஓடும். எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து வெற்றி முடிவாகும். யாழ்ப்பாணத்து மாட்டு வண்டிச் சவாரியும் சவாரித் திடலில் நடக்கும் குறுந்தூர ஓட்டம்தான். தென் மாவட்டங்களின் சாலைப் பந்தயமோ மைல் கணக்கில் நீள்வது. அதனால் இங்கே வேகத்தோடு தம்மும் வேண்டும். தம் ஒரு வாரத்தில் வந்துவிடாது. பந்தயக் காலம் தொடங்குவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே வீட்டுத் தொழுவத்தில் வேலை ஆரம்பமாகிறது.

உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கோம்பை. வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் வேட்டை நாய்தான் நினைவுக்கு வரும். மாடு வளர்ப்பும் இந்த வட்டாரத்தில் பழைய தொழில். மலைக்காட்டில் மேய்ந்து வளரும் தேனி மலைமாடும், மதுரை, சிவகங்கை, தேனிப் பகுதிகளுக்கு உரிய புலிக்குளம் மாடும் பெயர் பெற்றவை. கம்பம் நந்தகோபாலன் கோயிலின் தம்பிரான் மாட்டுத் தொழுவில் மாட்டுப் பொங்கலன்று கூட்டம் கூடுவதைப் பார்த்தாலே மாட்டுக்கு இங்குள்ள மதிப்பு விளங்கும். மலையை ஒட்டிச் சரிந்து கிடக்கும் மண்பாதைகள், மானாவாரிக் காடுகள், பதினெட்டாம் கால்வாய்த் தண்ணீர் வந்து சேரும் கண்மாய்கள் ஆகியவைதான் இந்தப் பக்கத்து வண்டி மாடுகளின் பயிற்சிக் களம்.

எந்தப் பிரிவில் ஓட்டுவது என்பது முதலில் முடிவாக வேண்டும். தேனிப் பக்கத்துப் பந்தய நோட்டீசுகளில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு, புள்ளிமான் என்று பிரிவுகள் அச்சாகியிருக்கும். மாட்டின் வயதையும் வளர்த்தியையும் வைத்துப் பிரித்தவை இவை. பெரிய மாட்டுக்குத் தூரம் அதிகம், சிட்டுகளுக்குக் குறைவு. வயதைப் பல்லைப் பார்த்துக் கணிப்பார்கள். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்த்தாடையில் இருக்கும் எட்டுப் பால்பற்கள் இரண்டிரண்டாக விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். முதல் இணை ஏறக்குறைய 2 வயதில் வரும். கடைசி இணையும் வந்து ‘கடை சேர’ 4 வயது ஆகிவிடும். பல் போடாத கன்றின் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பு. அதை நெடுந்தூரம் விரட்டினால் மூட்டு கெடும். அனுபவம் உள்ளவர்கள் கன்றுக்கு நடையோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

அடுத்தது ஜோடி சேர்ப்பது. தனித்தனியே நன்றாக ஓடும் இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டினால் நல்ல ஜோடி அமைந்துவிடும் என்று சொல்ல முடியாது. உயரம் ஒத்துவர வேண்டும். இல்லாவிட்டால் நுகத்தடி ஒரு பக்கம் சாய்ந்து, தாழ்ந்த பக்கத்து மாட்டின் கழுத்தில் சுமை ஏறும். காலெட்டும் ஒத்துவர வேண்டும். ஒன்று முந்தி மற்றது இழுபட்டால் வண்டி கோணிக்கொண்டு போகும். வலப்பக்கம் பழகிய மாட்டை இடப்பக்கம் கட்டினால் மிரளும். ஆகவே பக்கம் ஒரு முறை முடிவானால் அப்படியே இருக்கும். திரும்பும்போது உள்பக்கம் வரும் மாடு எது என்பதும் அதோடு முடிவாகிவிடும்.

வண்டியும் அந்த நாட்களில்தான் சீராகிறது. பந்தய வண்டியில் பாரம் ஏற்றுவதில்லை. தேவையற்ற மரத்தையெல்லாம் கழித்து, சாரதி உட்காரவும் துணைச் சாரதி தொற்றிக்கொள்ளவும் வேண்டிய அளவு தட்டு மட்டும் வைப்பார்கள். சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை, பட்டா ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து ஆட்டம் இருக்கிறதா என்று கவனிப்பார்கள். அச்சுக்கு மசகு போட வேண்டும். கடையாணி இறுக வேண்டும். ஏர்க்காலின் நீளமும் உயரமும் மாட்டின் உயரத்துக்குப் பொருந்த வேண்டும். வண்டி முன்பக்கம் அழுத்தினால் பாரம் கழுத்தில் விழும். பின்பக்கம் சாய்ந்தால் நுகம் மேலே தூக்கித் தொண்டையை நெருக்கும். சாரதி ஏறி உட்கார்ந்த நிலையில் வண்டி சமனாக நிற்பதுதான் சரியான அளவு.

பயிற்சி நடையில் தொடங்குகிறது. வெயில் ஏறும் முன் இரண்டு மாடுகளையும் ஒன்றாகப் பிணைத்து மண்பாதையில் நடத்துவார்கள். சில நாள் கழித்துக் காலி வண்டியைப் பூட்டுவார்கள். பிறகு புழுதிக்காட்டில் ஏர் பூட்டி உழவும், மேட்டுப் பாதையில் ஏற்றமும். இது தொடைக்கும் தோளுக்கும் வலு ஏற்றும். கண்மாயில் தண்ணீர் இருந்தால் நீச்சலும் உண்டு. தண்ணீர் உடல் எடையைத் தாங்கிக்கொள்வதால் மூட்டுக்கு அடி விழாமல் மூச்சுக்கு வேலை கிடைக்கும். ஓட்டம் கடைசியில்தான் வரும். முதலில் குறைந்த தூரம், பிறகு படிப்படியாகக் கூடுதல் தூரம். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. தசை சில வாரங்களில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் தேற அதைவிட நாளாகும். தசையின் வேகத்தை நம்பி முன்கூட்டியே விரட்டிய மாடுதான் பெரும்பாலும் நொண்டுகிறது. ஓட்டத்துக்கு மறுநாள் ஓய்வோ இலேசான நடையோ கொடுப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

சாலை தாரானதால் லாடம் கட்டாயமாகிவிட்டது. மாட்டின் குளம்பு பிளவுபட்டது என்பதால் ஒரு காலுக்கு இரண்டாக, ஒரு மாட்டுக்கு எட்டு லாடம். புது லாடத்தோடு நேரே பந்தயத்துக்குப் போவது ஆபத்து. ஆணி உயிர்ச்சதையை நெருக்கியிருந்தால் நொண்டல் ஓரிரு நாள் கழித்தும் தெரியலாம். லாடம் அடித்த பிறகு நடக்கவிட்டுப் பார்க்க நாள் வேண்டும்.

தீனியில் பருத்திக்கொட்டை, உளுந்து, தவிடு, புண்ணாக்கு, சோளத்தட்டை முக்கியம். வசதி உள்ளவர்கள் பேரீச்சம்பழமும் முட்டையும் சேர்ப்பார்கள். மாடு அசைபோடும் விலங்கு. அதன் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான் தீனியைச் செரிக்கின்றன. திடீரென்று தானியத்தைக் கூட்டினால் அங்கே அமிலம் பெருகி மாடு படுத்துவிடும். எந்தப் புதுத் தீனியையும் கைப்பிடி அளவில் தொடங்கிப் பல நாள் எடுத்து ஏற்ற வேண்டும். ஓட்டத்துக்குச் சற்று முன் வயிறு நிறையத் தீனி போடுவதும் தவறு. நிறைந்த இரைப்பை உதரவிதானத்தை அழுத்த, நுரையீரல் விரிய இடம் இருக்காது. கோமாரி தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் பயிற்சி தொடங்கும் முன்பே முடிந்திருப்பது நல்லது.

வேலைகளைக் குடும்பம் பங்கு போட்டுக்கொள்கிறது. மாட்டின் குணம் அறிந்த பெரியவர் ஜோடியையும் தூரத்தையும் முடிவு செய்கிறார். தீனி கரைப்பது, தண்ணீர் காட்டுவது, மாட்டின் முகவாட்டத்தை முதலில் கண்டுபிடிப்பது ஆகியவை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் பொறுப்பு. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் உறவில் இருவர் சாரதியும் துணைச் சாரதியுமாகப் பழகுகிறார்கள். சாரதியின் கையில் மூக்கணாங்கயிறு. துணைச் சாரதி தேவைப்படும்போது குதித்து வண்டியோடு ஓடி, மீண்டும் தொற்றி ஏற வேண்டும். அவருக்கும் தம் வேண்டும். மாட்டோடு சேர்ந்து ஆளும் பயிற்சி எடுக்கிறார்.

எல்லாம் சேர்ந்து சரியாக வருகிறதா என்று பார்ப்பது வெள்ளோட்டம். போக்குவரத்து இல்லாத விடியற்காலையில், பந்தயத் தூரத்தில் பாதி அளவுக்கு வண்டியை ஓட்டிப் பார்ப்பார்கள். முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், அதன் பிறகே வேகம். இன்னொரு வண்டியைப் பக்கத்தில் ஓடவிட்டு மாடு மிரளுகிறதா என்று கவனிப்பார்கள். அதிக நேரம் திருப்பத்துக்கே செலவாகும். உள்பக்க மாட்டை அடக்கி வெளிப்பக்க மாட்டை விட்டுப் பிடித்தால் வண்டி குறுகிய வட்டத்தில் திரும்பும். கயிறு ஒரு கணம் பிசகினால் சக்கரம் தூக்கிக் குடை சாயும். பந்தயத்தில் பல வண்டிகள் ஒரே இடத்தில் நெருக்கும்போது இந்தப் பழக்கம்தான் காப்பாற்றும்.

ஓட்டம் முடிந்ததும் வண்டியை அவிழ்த்துவிட்டு மாட்டை உடனே கட்டிப்போடக் கூடாது. மெதுவாக நடத்தி ஆற்ற வேண்டும். நல்ல உடல்நிலையில் உள்ள மாட்டின் வெப்பம் 38.5 டிகிரி செல்சியசை ஒட்டி இருக்கும். ஓய்வில் நிமிடத்துக்கு 10 முதல் 30 முறை மூச்சு விடும். விலா ஏறி இறங்குவதை எண்ணினாலே மூச்சுக்கணக்கு தெரிந்துவிடும். ஓடி முடித்த மாடு எவ்வளவு சீக்கிரம் இந்த அளவுக்குத் திரும்புகிறது என்பதே பயிற்சி பலித்ததற்கு நம்பகமான அளவுகோல். வாரத்துக்கு வாரம் அந்த நேரம் குறைந்தால் தம் ஏறுகிறது என்று பொருள். குறையாவிட்டால் தூரத்தைக் கூட்டக் கூடாது. கழுத்தில் நுகம் பட்ட இடம், குளம்பு, மூக்குத்துளை மூன்றையும் அன்றே பார்த்துவிட வேண்டும்.

சட்டத்தின் எல்லைகளும் பயிற்சிக்கு உண்டு. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்துக்கும் தடை விதித்தது. 2017இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் திருத்தங்கள் செல்லும் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 மே 18 அன்று தீர்ப்பளித்தது. அதனால் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இல்லாமல் போய்விடவில்லை. 1965ஆம் ஆண்டின் இழுவை விலங்கு விதிகள் தார்க்குச்சி போன்ற கூர்முனைக் கருவிகளைத் தடுக்கின்றன. நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவெளி இல்லாமல் 5 மணி நேரத்துக்கு மேலும் மாட்டை வண்டியில் பூட்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. சித்திரை வெயிலில் பயிற்சி விடியலுக்கு நகர்வது மாட்டுக்கும் நல்லது, சட்டத்துக்கும் பொருந்துவது.

குச்சியால் குத்தி ஒரு மைல் வேகமாக ஓட்டிவிடலாம். அடுத்த மைலுக்கு அந்த மாடு இருக்காது. நடை, தீனி, ஓய்வு என்று முறையாக வளர்த்த ஜோடியே திரும்பி வரும் தூரத்திலும் கால் தளராமல் ஓடும். பந்தயம் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பைக்கில் வண்டிகளைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள், திருப்பத்தில் சாலைக்குள் இறங்காதீர்கள். வாரக்கணக்கில் பழக்கிய மாடு மிரள ஒரு ஹாரன் சத்தம் போதும்.