தோல் வழியே நுழையும் வெண்பூசணம்

தட்டைப்பயறு, அவரை, உளுந்து, நிலக்கடலை ஆகியவற்றின் இளந்தளிரிலும் பூங்கொத்திலும் பிஞ்சுக்காயிலும் கருமையாக மொய்த்துச் சாறு உறிஞ்சும் அசுவினியைக் கட்டுப்படுத்துவது எளிதன்று. வெப்பநாடுகளில் இதன் பெண் பூச்சிகள் ஆணின் துணையின்றி, முட்டையும் இடாமல், நேரே குஞ்சுகளை ஈனுவதால், நுனிக்குருத்தில் வந்தமர்ந்த ஒன்றிரண்டு பூச்சிகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் செடியையே மூடும் கூட்டமாகிவிடுகின்றன. அவை கழிக்கும் தேன்துளி இலைகளில் பிசுபிசுத்துப் படிய, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து ஒளிச்சேர்க்கையைக் குறைக்கிறது. அத்துளியை நாடி வரும் எறும்புகளோ பொறிவண்டுகளை விரட்டி அசுவினிக்குக் காவல் நிற்கின்றன. இவற்றைவிடப் பெரிய கேடு, தேமல் நோயை உண்டாக்கும் வைரஸ்களை இப்பூச்சி செடிக்குச் செடி கொண்டு சேர்ப்பதாகும்.

காய்ப்புழுவை அழிக்கப் பயன்படும் பாக்டீரியாவும் வைரஸும் இலையோடு சேர்த்துத் தின்னப்பட்டால்தான் வேலை செய்யும். ஊசி போன்ற அலகைத் திசுவுக்குள் செலுத்தி உறிஞ்சும் அசுவினியின் வாய்க்கு, இலையின் மேல் தெளித்த நுண்ணுயிர் போய்ச் சேருவதில்லை. பூசணத்துக்கோ வாய் தேவையில்லை, தோலே போதும். பட்டுப்புழுவின் சுண்ணாம்பு நோய்க்குப் பூசணமே காரணம் என்று இத்தாலியரான அகோஸ்டினோ பாஸி 1835இல் வெளியிட்ட உண்மையிலிருந்து வளர்ந்ததே பூசணத்தால் பூச்சியைக் கொல்லும் இத்துறை. அசுவினிக்கு ஏற்றதாகக் கருதப்படும் லெக்கானிசிலியம் லெக்கானி பூசணம், வெர்டிசீலியம் என்னும் பழைய பெயரிலேயே கடைகளில் இன்றும் விற்கப்படுகிறது.

இதன் வித்து பூச்சியின் உடலில் ஒட்டி, ஈரம் கிடைத்ததும் முளைத்து, தோலின் புரதத்தையும் கைட்டினையும் கரைக்கும் நொதிகளைச் சுரந்து உள்ளே புகுகிறது. உடல்நீரில் பெருகிச் சத்தை உறிஞ்ச, ஏறத்தாழ 4 முதல் 7 நாள்களில் பூச்சி மடிகிறது. பின்னர் பூசண இழைகள் வெளிவந்து, செத்த உடலைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெண்மையான ஓரத்தை உண்டாக்குகின்றன. தளிரில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் இதுவன்று. அசுவினி உரித்த சட்டைகளும் வெள்ளையாகவே உதிர்ந்து கிடக்கும், ஆனால் அவை வெறுங்கூடுகள், ஊதினால் பறந்துவிடும். வித்து முளைக்குமுன் குஞ்சு சட்டையை உரித்துவிட்டால், ஒட்டிய வித்தும் அதனோடு போய்விடும் என்பதால், ஒரு வார இடைவெளியில் மறுமுறையும் தெளிப்பது நல்லது.

வெயிலின் புறஊதாக் கதிர் வித்தைக் கொல்லும், வறண்ட காற்று அதை முளைக்கவிடாது. எனவே மாலை வேளையில், இலையின் அடிப்புறமும் குருத்தும் நனையும்படி தெளிக்க வேண்டும். காவிரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடையை ஒட்டி, வயலின் எஞ்சிய ஈரத்தை நம்பி விதைக்கப்படும் உளுந்துக்குத் தை, மாசி மாத இரவுப்பனி இவ்வகையில் பேருதவி. தூள் வடிவ மருந்தை லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் கலப்பது வழக்கம். விதை நேர்த்திக்கும் இலைப்புள்ளிக்கும் வாங்கிய பூசணக்கொல்லியை அதே கைத்தெளிப்பானில் கலந்துவிட்டால், காசு கொடுத்து வாங்கிய உயிரைத் தன் கையாலேயே கொன்றதாகும்.

நோய் பரவிய பின்னர் தெளித்தால் தேமல் கண்ட செடி மீளாது. கொல்ல நாள்கள் பிடிக்கும் இப்பூசணத்தை, செடி கருத்தபின் தேடாமல், குருத்தில் முதல் எறும்பு ஏறத் தொடங்கும் நாளிலேயே தெளிப்பதுதான் முறை.