இலிஷ் மீனும் அதன் விஞ்ஞானப் பெயரும்

கடலில் வாழ்ந்து, முட்டையிடும் பருவத்தில் ஆற்று வெள்ளத்தை எதிர்த்து மேலேறும் மீன் ஒன்றுண்டு. வங்காளத்தில் அதனை இலிஷ் என்பர், கோதாவரிக் கரையில் அது புலசா, சிந்து நதிக்கரையில் பல்லா, தமிழ்நாட்டில் உல்லம். இவை யாவும் ஒன்றே என அறியாது கணக்கெடுப்போமாயின் ஓரினம் நான்காகத் தோன்றும்; அம்மீனின் பெருக்கத்தைக் காக்க விதி வகுத்தலும் அரிதாகும். இக்குழப்பத்தை நீக்குவதே விஞ்ஞானப் பெயரின் பயனாகும்.

இப்பெயர் இரு சொற்களால் ஆயது. முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். இரு சொற்களும் சேர்ந்து இனத்தைக் குறிக்கும். ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட நூற்பதிப்பே விலங்குகளின் பெயரீட்டிற்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது.

கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் மேற்பார்வையாளராயிருந்த மருத்துவர் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர். 1815-இல் அவர் தாயகம் திரும்பியபோது, தாம் வரைவித்த படங்களை உடன் கொண்டு செல்ல அனுமதி மறுக்கப்பட்டது. எனினும் கைவசமிருந்த குறிப்புகளையும் படங்களையும் கொண்டு 1822-இல் எடின்பரோ நகரில் தம் நூலை வெளியிட்டார். வங்க மக்கள் வழங்கிய பெயர்கள் பலவற்றை அவர் அவ்வாறே ஏற்றுக்கொண்டார். ரோகிதா, கட்லா, மிருகாலா, இலிஷா என்பன அத்தகையன. அவர் கண்ட இலிஷின் மூல மாதிரி எதுவும் இன்று அறியப்படாமையால், அவரது விளக்கமும் படமுமே அப்பெயருக்குச் சான்றாக நிற்கின்றன.

ஹாமில்டன் இம்மீனைக் குளுப்பனோடான் என்னும் பேரினத்தில் வைத்தார். பின்னர் அது ஹில்சா என்னும் பேரினத்திற்கு மாற்றப்பட்டது. இன்று டெனுவாலோசா இலிஷா எனப்படுகின்றது. பேரினப் பெயர் மாறினும் இலிஷா என்ற சொல் மாறவில்லை. பேரினம் மாறியதைக் காட்டும் பொருட்டு, பெயரிட்டவரின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் எழுதப்படும்.

எல்லா மக்கள் வழக்கும் இவ்வாறு நிலைபெறுவதில்லை. வங்காளத்தார் பேட்கி என்றும் நாம் கொடுவா என்றும் கூறும் மீனுக்கு ஹாமில்டன் வாக்டி எனப் பெயரிட்டார். ஆனால் பெர்லின் அறிஞர் பிளாக் 1790-இலேயே அதற்குக் கால்காரிபர் எனப் பெயரிட்டிருந்தார். முந்திய பெயரே செல்லும் என்பது விதி. ஆதலின் வாக்டி வழக்கொழிந்தது.

அதே பிளாக் தரங்கம்பாடியிலிருந்த பாதிரியார் ஜான் அனுப்பிய மீன்களையும் ஆராய்ந்தார். அவற்றுள் ஒரு கத்தாழை மீன் ஜோனியஸ் கருட்டா எனப்படுகின்றது. முதற்சொல் பாதிரியாரின் நினைவாகும். இரண்டாவது, ‘கருத்த’ என்னும் நம் தமிழ்ச் சொல்லேயாகும். மீனை முதலில் அறிந்து பெயரிட்டவர் கரையோர மக்களே என்பதற்கு இலிஷாவும் கருட்டாவும் சான்று பகர்கின்றன.