பலர் கூடி வரைந்த சின்னம்

பள்ளி விழாவிற்குச் சின்னம் வரையும் போட்டியில் நீங்கள் பங்கேற்றிருக்கலாம். ஆசிரியர் சிலர் கூடிச் சிறந்த ஓவியத்தைத் தேர்ந்தெடுப்பர். ஆனால், ஒருவரையொருவர் நேரில் கண்டிராத பலர், பல நாடுகளில் இருந்துகொண்டு, ஊதியம் பெறாது செய்யும் பணிக்குச் சின்னம் வேண்டுமெனில் அதனை வரைபவர் யார்? தேர்ந்தெடுப்பவர் யார்?

விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் அத்தகைய பணியாகும். 2001-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் தொடங்கப்பட்ட இதனை எவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாம். இதனை இயக்கும் மீடியாவிக்கி என்பது திறந்த மூல மென்பொருள். அதாவது, அதன் நிரலை எவரும் காணலாம், மாற்றியமைக்கலாம், பிறருக்கும் வழங்கலாம்.

விக்கிப்பீடியாவின் பழைய சின்னத்தில் ஆங்கில உரைப்பகுதி ஒன்று வட்டமாக அமைந்திருந்தது. நாளடைவில் பல மொழிகளில் விக்கிப்பீடியாக்கள் தோன்றின. தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது 2003-ஆம் ஆண்டில். ஆங்கில எழுத்து மட்டும் கொண்ட சின்னம் இத்தனை மொழிகளுக்கும் எவ்வாறு பொருந்தும்? எனவே, அதே ஆண்டில் புதிய சின்னத்திற்கான போட்டி நடைபெற்றது.

இத்தகைய போட்டியை நடத்துவோர் முதலில் விதிகளைத் தெளிவாக அறிவித்தல் வேண்டும். சின்னம் உணர்த்த வேண்டிய கருத்து யாது, படங்களை அனுப்ப இறுதி நாள் எது, வாக்களிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பவை தொடக்கத்திலேயே முடிவாக வேண்டும். இடையில் விதியை மாற்றினால் நம்பிக்கை குலையும்.

வரைபவர் பிறர் படத்தை நகலெடுத்தல் கூடாது. தம் படத்தைப் பிறர் பயன்படுத்தவும் மாற்றவும் எழுத்து வடிவில் இசைவு தருதல் வேண்டும். சின்னம் பெரிய பதாகையிலும் தெளிவாகத் தெரிய வேண்டும். கைப்பேசித் திரையின் சிறு மூலையிலும் தெளிவாகத் தெரிய வேண்டும். வண்ணம் இன்றிக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் அதன் பொருள் மாறுதல் கூடாது. படங்கள் மிகுதியாக வந்தால், முதற்சுற்றில் சிலவற்றைத் தெரிந்து, அடுத்த சுற்றில் அவற்றுள் ஒன்றைத் தேர்தல் நலம். வெற்றி பெறாதோரின் உழைப்பையும் நன்றியுடன் குறிப்பிடுதல் நடத்துவோர் கடமையாகும்.

2003-ஆம் ஆண்டுப் போட்டியில் வென்றவர் பால் சுடான்சிஃபர். அப்போது அவருக்கு வயது 17. புதிர்த்துண்டுகளை இணைத்தமைத்த உருண்டை ஒன்றை அவர் வரைந்திருந்தார். உச்சியில் சில துண்டுகள் இல்லை. அறிவுப்பணி என்றும் நிறைவுறுவதில்லை என்பதை அவ்வெற்றிடம் உணர்த்திற்று. வென்ற படம் அப்படியே ஏற்கப்படவில்லை. மற்றவர்கள் அதனைச் செப்பனிட்டனர். பல வண்ணங்கள் நீங்கிச் சாம்பல் நிறம் வந்தது. துண்டுகளில் உலக மொழிகளின் எழுத்துகள் இடம்பெற்றன.

அங்கேதான் பிழை ஒன்று புகுந்தது. உருண்டையில் தேவநாகரி எழுத்தான 'வி'யும் இருந்தது. தமிழில் 'கெ' எழுதும்போது ஒற்றைக்கொம்பு ககரத்தின் இடப்பக்கம் வருகிறதன்றோ? அதுபோலத் தேவநாகரியில் குறில் இகரக் குறி மெய்யின் இடப்பக்கம் வருதல் வேண்டும். சின்னத்திலோ அது முறை மாறி நின்றது. சப்பானிய எழுத்திலும் பிழை இருந்தது. அவ்வெழுத்துகளை அறியாதோர் கண்ணுக்கு அவை அழகிய கோடுகள் மட்டுமே. அறிந்தவர்க்கே பிழை புலப்பட்டது. 2007-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழும் இதுபற்றி எழுதியது. 2010-இல் சின்னம் புதிதாக வரையப்பட்டபோது பிழைகள் களையப்பட்டன.

வாக்குகள் மிகுதியாகப் பெற்ற படத்திலும் பிழை இருக்கலாம் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. எத்தனை பேர் விரும்பினர் என்பதை வாக்கு கூறும். எழுத்து சரியா என்பதை அவ்வெழுத்தைக் கற்றவரே கூற இயலும். ஆகவே, முடிவை அறிவிக்குமுன் அறிந்தோரிடம் காட்டுதலும், அறிவித்த பின்னும் திருத்தத்திற்கு இடம் வைத்தலும் வேண்டும்.

மாணவர்களே! நீங்கள் வீட்டில் தமிழும் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் எழுதுகிறீர்கள். உங்கள் ஊர்க் கடைப்பலகையிலோ விழா அழைப்பிதழிலோ தமிழ் எழுத்து தவறாக இருப்பின், அங்கு அதனைக் காணக்கூடியவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். தயங்காமல், பணிவுடன் எடுத்துக்கூறுங்கள். கற்ற எழுத்துக்கு நாம் செய்யும் கடமை அது.

பயிற்சி

1. விக்கிப்பீடியாவிற்குப் புதிய சின்னம் தேவைப்பட்டது ஏன்?
2. உருண்டையின் உச்சியில் உள்ள வெற்றிடம் எதனை உணர்த்துகிறது?
3. உங்கள் வகுப்பு நூலகத்திற்குச் சின்னம் வரையும் போட்டி நடத்த ஐந்து விதிகள் எழுதுக.