கயிறு யார் கையில்?

கைப்பேசித் திரை முழுக்க நீலக் கடல். அதில் சின்னச் சின்ன அம்புக்குறிகள் எறும்பு ஊர்வதுபோல ஊர்கின்றன. பெரியம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு பச்சை அம்புக்குறியின் மேல் விரலை வைக்கிறார்.

"இதுதான்யா உன் தம்பி கப்பல். காலைல நான் பூசைக்குப் போகும்போது வெளிய நின்னுச்சு. இப்ப உள்ள நுழையுது. இது என்ன ஊரு?"

"நகோயா, பெரியம்மா. ஜப்பான்."

"ஆமா, கார் ஏத்தப் போறோம்னு சொன்னான்."

எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்று காட்டும் இந்தச் செயலியைப் பேத்தி போன லீவில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து காலையில் ஒரு தடவை, மத்தியானம் குழம்பை இறக்கி வைத்ததும் ஒரு தடவை, ராத்திரி செபமாலை முடிந்ததும் ஒரு தடவை. பெரியம்மாவுக்கு 78 வயது. தூத்துக்குடி கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி ஒரு பழைய ஓட்டு வீடு. மகன் கப்பலில். மகளைக் கட்டிக்கொடுத்தது மதுரையில். கூடப் பிறந்த தங்கை வாழ்க்கைப்பட்டுப் போனது கொழும்புக்கு. பெரியப்பா தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக, இருந்தவர். வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் போய்வந்தவர். அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது.

தனியாக இருக்கிறார் என்றுதான் சொந்தக்காரர்கள் சொல்கிறோம். இரண்டு நாள் கூடத் தங்கிப் பார்த்தால் அந்தச் சொல் பொருந்தவில்லை. விடியற்காலை பூசை முடிந்து வந்து வாசற்படியில் உட்காருவார். திரேஸ்புரத்திலிருந்து கூடை சுமந்து வரும் அக்கா அங்கேதான் முதலில் இறக்குவார். ஒரு ஆளுக்கு மீன் வாங்க முக்கால் மணி நேரம் ஆகும். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார், ஊளி நேற்றையது என்பார். அந்த அக்கா மாதா மேல் சத்தியம் செய்வார். கடைசியில் நாலு சாளையும் ஒரு கை நெத்திலியும் வாங்குவார். இடையில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, யார் கப்பல் ஏறினான், யார் இறங்கினான் எல்லாம் பேசி முடிந்திருக்கும். சோறு வைக்கும்போது ஒரு ஆழாக்கு கூடப் போடுவார். "எவனாவது வருவான்" என்பார். வருகிறார்கள்.

சாயங்காலம் நடையில் தாயம் உருளும். நாலு பேர் ஆடுவார்கள். நாலு பேரில் இருவருக்கு மகன் கப்பலில், ஒருவருக்குப் பேரன் கப்பலில். 1974-ல் இங்கே பெரிய துறைமுகம் வந்த பிறகு வளர்ந்த பிள்ளைகள் தோணியை விட்டுக் கப்பலுக்குப் போனார்கள். அப்பன் போகும் நாளும் திரும்பும் நாளும் காற்றைப் பொறுத்திருந்தன. பிள்ளை போகும் நாள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது, ஆறு மாதம், ஒன்பது மாதம். வீட்டில் உட்கார்ந்து நாள் எண்ணுவது மட்டும் அப்படியே இருக்கிறது.

கொழும்பு எங்களுக்கு வெளிநாடாகத் தோன்றியதே இல்லை. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இந்தத் தூத்துக்குடி–கொழும்பு பாதையை வெள்ளைக்காரனிடமிருந்து மீட்கத்தான். அதற்கு முன்பும் பின்பும் எங்கள் சனம் அக்கரையில் கடை வைத்தது, பெண் கொடுத்தது, பெண் எடுத்தது. எங்கள் பரத சமூகத்துக்கு இலங்கை மக்கள்தொகைக் கணக்கில் தனி இடமே இருக்கிறது. தங்கை அங்கிருந்து வரும்போதெல்லாம் ராணி சந்தன சோப்பு கொண்டுவருவார். பெரியம்மா அதைத் தேய்த்துக் குளிப்பதில்லை, சேலைகளுக்கு நடுவில் வைப்பார். அந்த அலமாரியைத் திறந்தால் இன்றைக்கும் என் சின்ன வயது வாசனை வருகிறது. இலங்கை வானொலியோ அந்தக் காலத்தில் இந்த ஊரில் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி துல்லியமாகக் கேட்கும். காலையில் பொங்கும் பூம்புனல், பிறகு கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத். "அதே பாட்டை அவளும் அங்க கேட்டுட்டு இருப்பா. நானும் கேப்பேன். அப்ப போன் ஏது?" என்கிறார். அக்காளும் தங்கையும் சேர்ந்து உட்கார்ந்திருந்ததாகவே அந்தக் காலை நேரங்களை அவர் நினைவில் வைத்திருக்கிறார்.

நகோயாவுக்கு வருகிறேன். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நகோயாவுக்குள் போகும் கப்பல் இசே விரிகுடாவின் வாய் வழியாகத்தான் நுழைய வேண்டும். அந்த வாயின் மேற்குக் கரையில் இருக்கும் ஊர் தோபா. 1893-ல் மிகிமோதோ கோகிச்சி என்பவர் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டிய இடம். முத்தைக் கடலடியில் தேடாமல் வளர்த்தே எடுக்கலாம் என்று உலகத்துக்குத் தெரிந்தது அங்கிருந்துதான். முத்துக் குளித்த எங்கள் கடலின் கதையும் அங்கே ஒரு திருப்பத்தைக் கண்டது. பெரியம்மாவின் மகன் அந்தத் தண்ணீர் வழியாகத்தான் கார் ஏற்றப் போயிருக்கிறான்.

தோபாவும் அதை அடுத்த ஷிமாவும் 'அமா' எனப்படும் பெண் குளியாளிகளுக்குப் பேர்போனவை. காற்று உருளை கிடையாது, மூச்சை அடக்கி இறங்கி சங்கினங்களையும் பாசியையும் எடுத்துவருகிறவர்கள். பெரும்பாலும் வயதான பெண்கள், எண்பது தாண்டியும் இறங்குகிறவர்கள் உண்டு. அவர்களின் குளிப்புக் கலையை 2017-ல் ஜப்பான் அரசு நாட்டின் முக்கிய மரபாக அறிவித்தது. ஒரு காணொளியைத் தேடி எடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். கறுப்பு ரப்பர் உடுப்பில் ஒரு பாட்டி, தலையில் வெள்ளைத் துணி. மேலே வந்ததும் உதட்டைக் குவித்து மூச்சை விடுகிறார். சீட்டியடித்ததுபோல ஒரு சத்தம். பிறகு கரையில் ஒரு குடிசை, நடுவில் நெருப்பு, சுற்றிலும் அதே வயதுப் பெண்கள். எதையோ சுட்டுத் தின்றுகொண்டு, பேசிச் சிரித்துக்கொண்டு.

"எல்லாம் கிழவிக" என்றார் பெரியம்மா. முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம நடை மாதிரியே இருக்கு. நம்ம பக்கமும் இறங்குறாகளே, பாம்பன்ல, பாசி எடுக்க."

உண்மைதான். இதே மன்னார் வளைகுடாவில், விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு கடல்பாசி எடுக்கிறார்கள் ராமநாதபுரம் கரைப் பெண்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது. அந்தப் பெண்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

காணொளியில் இன்னொரு பாட்டி படகிலிருந்து குதித்தார். இடுப்பில் கயிறு. படகில் ஒரு முதியவர் அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு அது, கயிறு பிடிக்கிறது?"

"அவங்க வீட்டுக்காரர். அங்கே படகில் போய் இறங்குகிறவர்களுக்குப் புருசன்தான் பெரும்பாலும் கயிறு பிடிப்பாராம்."

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "மச்சான் இல்லையா?" என்றார்.

பெரியம்மாவின் அப்பா, என் தாத்தா, முத்துக் குளியாளி. இந்தக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. அப்போது பெரியம்மா பாவாடை கட்டிய சிறுமி. தோலாயிரம் பார் என்றும் இன்னும் பல பேரிலும் கடலடியில் சிப்பிப் பார்கள். எட்டு, பத்து பாகம் ஆழம். இடுப்பில் ஒரு சின்னத் துணி, கையில் கூடை, காலுக்குக் கல். கல் இழுத்துக்கொண்டு போய்த் தரையில் விட்டுவிடும். கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். மூச்சு தாங்கும் மட்டும், ஒரு நிமிடமோ கொஞ்சம் கூடவோ, சிப்பியை வாரிக் கூடையில் போட வேண்டும். பிறகு கயிற்றைச் சுண்ட வேண்டும். மேலே இருப்பவன் அந்தச் சுண்டலை உணர்ந்து இழுக்க வேண்டும். அவன் ஒரு நொடி வேறெங்காவது பார்த்தால் கீழே இருப்பவன் கதை முடிந்தது.

அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்பது இந்தக் கரையின் பேச்சு. அண்ணன் தம்பியிடம் கொடுக்க மாட்டார்கள். பங்காளிக்குச் சொத்தில் கண் இருக்கலாம். பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் விட மாட்டான். "கயித்த விட்டா அறுகிறது அவன் தங்கச்சி தாலில்லா? எங்க மாமாதான் பிடிப்பாக. அப்பா இறங்குன நேரமெல்லாம் மாமா மூச்சு விட மாட்டாகளாம். அவுக ஏறி வந்து மூச்சு விட்ட பிறகுதான் இவுக விடுவாக. அம்மா சொல்லும்." மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்கிற பழமொழி தமிழ்நாடு முழுக்க உண்டு. கடலில் இறங்குகிறவன் வீட்டில் அதற்கு உயிரின் எடை.

குவித்த சிப்பி அழுகி நாறும் நாற்றம் பெரியம்மாவுக்கு இன்னமும் நினைவிருக்கிறது. கழுவும் தண்ணீரில் கைவிட்டு, கடுகு அளவு முத்து ஒன்று விரலில் தட்டுப்பட்டதும் நினைவிருக்கிறது. "எனக்கு வச்சுக்கக் குடுக்கல. ஆனா விரல்ல பட்டது எனக்குத்தானே பட்டுச்சு?" 1961-க்குப் பிறகு பார்களில் குளிப்புக்குத் தேறும் அளவுக்குச் சிப்பி விளையவில்லை. தாத்தா சங்கு குளிக்கப் போனார். 1973-ல் இதே தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கே.அழகர்சாமி முத்தை வளர்த்துக் காட்டினார். அதில் கயிறு பிடிக்க மச்சான் தேவைப்படவில்லை.

அன்று இரவு பெரியம்மா சம்பல் இடித்தார். மகன் அடுத்த மாதம் இறங்குகிறான், இப்போதே கை பழக வேண்டுமாம். சூரை மீனை அவித்து, புகை போட்டு, மரக்கட்டைபோல் ஆகும்வரை காயவைத்தால் அது மாசி. அதை உடைத்து உரலில் போட்டு, வறுத்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ, கடைசியில் எலுமிச்சை. உலக்கை விழும் சத்தத்திலேயே மாசி போதுமான அளவு நொறுங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவார். ஜப்பானில் கரை இறங்கியபோது ஒரு கடையில் சூப்பு குடித்தானாம் மகன். "அம்மா, நம்ம மாசி வாசம்" என்று போன் போட்டானாம். அவர்கள் அதைக் கட்சுவோபுஷி என்கிறார்கள். அதே சூரையினம், அதே அவியல், அதே புகை. சீவும் விதம்தான் வேறு. "அப்ப அங்க பட்டினி கிடக்க மாட்டான்" என்றார் பெரியம்மா. அந்த நிம்மதிக்கு நான் என்ன விலை சொல்வேன்?

2013-ல் எங்கள் ஊர்ப் பனிமய மாதா கோயிலுக்கு 300 வருடம் ஆனதென்று பொற்தேர் ஓடியது. மகன் அப்போது நடுக்கடலில். 2023-ல் மறுபடி ஓடியபோது சண்டை போட்டு லீவு வாங்கி வந்துவிட்டான். ஆகஸ்ட் 5, கூட்டம் தாங்காத தெருவில் அவன் தேர்வடத்தைப் பிடித்தான். முழங்கால் வலியோடு பெரியம்மா அவனுக்கு முன்னால் கையை நீட்டி வடத்தைத் தொட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அவன் வடத்தைப் பிடித்திருந்ததைவிட அம்மாவைப் பிடித்திருந்ததுதான் அதிகம். லீவு முடிந்து கிளம்பிய அன்று கைகூப்பி "தோத்திரம்மா" என்றான். அவர் பெருவிரலால் அவன் நெற்றியில் சிலுவை போட்டார். ஒரு டப்பா மக்ரூன் கொடுத்தார். முந்திரிப் பருப்பும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும் தவிர அதில் வேறெதுவும் இல்லை. கடற்காற்று பட்டால் நமுத்துவிடும். அதனால் மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப் ஒட்டியிருந்தார். கப்பல் ஏறிய பிறகும் அவன் பத்து நாள் பிரிக்கவில்லையாம்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்திய இரவு, செபமாலை முடிந்து கைப்பேசியை எடுத்தோம். அம்புக்குறி விரிகுடாவின் வாயைத் தாண்டித் தெற்கே திரும்பியிருந்தது. கரையை விட்டு ரொம்ப தூரம் போய்விட்டால் இந்தச் செயலியில் கப்பல் தெரியாது. பெரியம்மாவுக்கு அது பழகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பச்சை அம்பு நகர்வதை நிறுத்தியது. பிறகு காணவில்லை.

"கரையை விட்டுட்டான்" என்றார். "இனி சிங்கப்பூர் கிட்ட வந்தாத்தான் தெரியும்."

கைப்பேசியைச் சார்ஜில் போட்டார். செபமாலையைச் சுருட்டித் தலையணைக்கு அடியில் வைத்தார். அடுக்களைக்குள் போய் நாளைக்கு அரிசி நனையப் போட்டார். ஒரு ஆழாக்கு கூட.