மீன் பண்ணை மேற்பார்வையாளரின் வேலை

வயலில் பயிர் வாடினால் வரப்பின்மேல் நடப்போர் யாவர்க்கும் அது புலப்படும். மாட்டுக்கு நோய் கண்டால் அது தீனி எடாமல் நிற்கும். மீனோ ஜலத்துக்குள் மறைந்திருப்பது. குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் சங்கத்தில், அங்கத்தினர்கள் செலுத்திய பங்குத் தொகையின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் நீந்திக் கொண்டிருக்கிறது. அதன் க்ஷேமத்தைக் கரையில் நின்றபடியே அறிந்து சொல்ல வேண்டியவர் பண்ணை மேற்பார்வையாளர். அவரை வலை இழுக்கும் ஆட்களுக்குத் தலைவரென்றும், திருட்டைத் தடுக்கும் காவற்காரரென்றும் மட்டுமே எண்ணுவாருண்டு. அவ்விரண்டும் அவர் வேலைதான். ஆயினும் அவருடைய தலையாய வேலை பொழுது விடியுமுன் ஜலத்தைப் பார்ப்பதாகும்.

இதன் காரணத்தை அங்கத்தினர்கள் தெரிந்துகொள்வது நலம். குளத்து ஜலத்தைப் பசுமையாக்கும் நுண்ணிய பாசிகள் பகலில் சூரிய ஒளியைக் கொண்டு பிராணவாயுவை வெளியிடுகின்றன. இரவிலோ அப்பாசிகளும், மீன்களும், அடிச்சேற்றில் அழுகும் பொருள்களும் ஒருங்கே அவ்வாயுவைச் செலவிடுகின்றன. புதிதாக உண்டாவது நின்றுபோகிறது. ஆகவே சூரியோதயத்துக்குச் சற்று முந்திய வேளையில்தான் ஜலத்தில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். ஒரு லிட்டர் ஜலத்தில் 5 மில்லிகிராம் கரைந்திருந்தால் கெண்டை இனங்கள் நன்கு வளரும். 3க்குக் கீழ் இறங்கினால் வருந்தும். இன்னும் குறைந்தால் மடியத் தொடங்கும். மழை பெய்யாமல் மேகம் மூடி, காற்றசையாமல் புழுங்கும் நாட்களுக்குப் பின்வரும் இரவுகள் மிக அபாயமானவை.

மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நிற்பதே முதல் அறிகுறி. கரையில் நின்று கை தட்டியவுடன் அவை கீழே பாய்ந்து மறையுமாயின் இன்னும் அவகாசமுண்டு. தட்டியும் அசையாமல் நிற்குமாயின் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. துடுப்புச் சக்கர யந்திரம் இருந்தால் அதை ஓட்ட வேண்டும். இல்லையேல் குளத்து ஜலத்தையே பம்பினால் இறைத்து, உயரத்திலிருந்து சிதறி விழும்படி செய்ய வேண்டும். கிணற்று ஜலத்தை விடுவதானாலும் அப்படியே விழச் செய்ய வேண்டும். நிலத்தடி ஜலத்தில் இயல்பாகவே பிராணவாயு குறைவு. அன்றைக்குத் தீனியும் எருவும் அறவே கூடாது. இவற்றை நிறுத்தும் அதிகாரத்தை மேற்பார்வையாளருக்கு முன்கூட்டியே கொடுத்து வைப்பது அவசியம். நிர்வாகக் கமிட்டி கூடித் தீர்மானம் செய்யும்வரை மீன்கள் காத்திரா. அவ்வாறே, அவரை ஊருக்குள் குடியிருக்கச் சொல்லிவிட்டு விடியற்காலையில் குளத்தைப் பார்க்கவில்லையே என்று குறை கூறுவதும் நியாயமன்று. கரையிலேயே ஒரு கொட்டகை போட்டுக் கொடுக்க வேண்டும்.

அபாயத்துக்கு வித்து பெரும்பாலும் குஞ்சு விடும் நாளிலேயே விழுகிறது. முற்காலத்தில் வெள்ளக் காலத்து ஆறுகளில் வாரி வந்த குஞ்சுகளில் வேண்டாதவையும் கலந்திருந்தன. 1957ல் ஹீராலால் சௌதுரி என்னும் விஞ்ஞானி, மீனின் கபச் சுரப்பியிலிருந்து எடுத்த சாரத்தை ஊசி மூலம் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்தபின், வேண்டிய இனத்துக் குஞ்சுகளைப் பண்ணையிலேயே பெற வழி பிறந்தது. மேல்மட்டத்தில் மேயும் கட்லா, நடுமட்டத்து ரோகு, அடிமட்டத்து மிர்கால் ஆகிய மூன்றையும் சேர்த்து ஏக்கருக்குச் சுமார் 2000 விடுவது வழக்கம். “குளம் பெரிதாயிற்றே, இன்னும் இரண்டாயிரம் விட்டாலென்ன?” என்று கேட்கும் அங்கத்தினர் எந்தச் சங்கத்திலும் ஒருவராவது இருப்பார். அவருக்கு இணங்காதிருப்பதும் மேற்பார்வையாளரின் கடமையே. குஞ்சுகள் வந்த பையை உடனே அவிழ்த்துக் கொட்டலாகாது. கால் மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானபின் திறக்க வேண்டும்.

இனித் தீனி. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம எடையாகக் கலந்து கொடுப்பதுண்டு. எவ்வளவு கொடுப்பதென்பது கணக்கைப் பொறுத்தது. மாதமொருமுறை வீச்சுவலை போட்டுப் பிடித்த சில மீன்களை நிறுத்துச் சராசரி எடை காண்கிறோம். அது 250 கிராம் என்றும், விட்ட 2000 குஞ்சுகளில் 1600 பிழைத்திருக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். மொத்த எடை 400 கிலோ. அதில் நூற்றுக்கு 2 வீதம் தீனி 8 கிலோ. இறந்தவற்றைக் கழிக்காமல் 2000 என்றே கணக்கிட்டால் 10 கிலோ ஆகும். அதிகப்படியான 2 கிலோ தினந்தோறும் அடியில் அழுகி, மேற்சொன்ன விடியற்கால ஆபத்தைத் தானே வரவழைக்கும். பிண்ணாக்கு விலையும் வீண். துளையிட்ட சாக்கில் தீனியை இட்டு மூங்கிற் கழியில் கட்டித் தொங்கவிட்டால் இந்தத் தவறு விரைவில் வெளிப்படும். சில மணி நேரம் கழித்துச் சாக்கைத் தூக்கிப் பார்த்து, மீதியிருந்தால் மறுநாள் குறைக்க வேண்டும். ஜலத்தின் பசுமையை அறிய யந்திரம் வேண்டுவதில்லை. முழங்கை வரை கையை அமிழ்த்தி உள்ளங்கையைப் பார்க்கலாம். அதற்கு முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் எருவை நிறுத்துவது உசிதம்.

பார்த்ததையெல்லாம் அன்றன்றே ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும்: விடியற்கால நிலை, தீனி, செத்து மிதந்தவை, சராசரி எடை. கூட்டுறவுச் சங்கங்கள் வேண்டுமென்று 1890களில் அறிக்கை எழுதிய பிரெடரிக் நிக்கல்ஸன் என்பவரே 1907ல் சென்னை மாகாண மீன்துறைக்கும் அடிகோலியவர் என்பது நம்மவர் பலர் அறியாத விஷயம். வலையும் கணக்குப் புத்தகமும் ஒரே கொட்டகையில் இருப்பது இங்ஙனம் பழைய உறவேயாகும்.

அறுவடைக்கு முந்தின நாள் தீனியை நிறுத்திவிட்டு, குளிர்ந்த காலை வேளையில் வலை இழுத்து, கரையிலேயே இரண்டு அங்கத்தினர் முன்னிலையில் நிறுக்க வேண்டும். எதிர்பார்த்த எடை வராவிடில், திருட்டு என்று கூவுமுன் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். மடைவலை கிழிந்த நாளும், நீர்க்காகங்கள் வந்திறங்கிய வாரமும், விரால் அகப்பட்ட வீச்சும் அதிலேயே கிடைக்கும். விரால் கண்ட குளத்தைக் கோடையில் சேறு வெடிக்கும்வரை காயவிட்டுச் சுண்ணாம்பு தூவலாம். வற்றாத குளமானால் ஏக்கருக்கு 1000 கிலோ வீதம் இலுப்பைப் பிண்ணாக்கு இட்டு, அதன் விஷம் தணிய மூன்று வாரம் விட்டு, பின்னரே அடுத்த குஞ்சுகளுக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.